மூன்று படங்களிலும் அந்தக் கிணறு

அராலி தெற்கு
2024 பெப்ரவரி 18

ஹலீமுக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் எனக்கு ரோசம் இல்லை என்று நினைப்பாய். ஊர் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறது. தொலைபேசியில் அழைக்காதே, எடுக்கமாட்டேன். கடிதத்தில் என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது.

தை மாதம் யாழ்ப்பாணத்தில் நீ வைத்த ஓவியக் காட்சி பற்றித்தான் எழுதுகிறேன். வழுக்கையாற்றின் மூன்று எதிர்காலங்கள். இன்னும் ஐம்பது வருடத்தில் ஆற்றோரம் எப்படி இருக்கலாம் என்று மூன்று பெரிய படங்கள். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது அந்த ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்து, எங்கள் அராலியில் கடலேரியில் விழும். இதை இருபத்தைந்து வருடமாக உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன் நான். உன் காட்சிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டாய், வெளிநாட்டுக்காரரைக் கூப்பிட்டாய். அராலியில் ஒரு புவியியல் ஆசிரியன் இருப்பது உனக்கு நினைவு வரவில்லை. அது போகட்டும். பள்ளிக்கூட அதிபர் பதவியைக் கொடுத்தவர்களுக்கும் என் நினைவு வரவில்லை, பழகிவிட்டது.

மூன்றாவது படத்தில் கடல் உள்ளே வந்துவிட்டது. வயலெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு வீடு, முற்றம் முழுக்க உவர்ச் சேற்றில் முளைக்கும் கண்டல் மரம், கிணற்றுக் கட்டில் வெள்ளையாக உப்பு. வாசல் படலைத் தூண்களின் மேல் சீமெந்தில் செய்த அன்னாசிப் பழங்கள், அதில் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஷெல் பட்டு உடைந்த சீமெந்து அன்னாசி எத்தனை வீட்டுத் தூணில் இருக்கிறது என்று நினைக்கிறாய்?

என் மகள் தர்சினிக்கு இருபத்தொன்பது வயது. கொக்குவிலில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகம் சரி, பையன் சரி. இந்த வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதுவதாக இருந்தேன். என்னிடம் இருப்பது இதுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் உன் காட்சிக்குப் போயிருக்கிறார். அடுத்த கிழமை வந்து விறாந்தையில் இருந்து சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ மாஸ்ரர். படத்திலை உங்கடை வீட்டைக் கண்டனான். முத்தத்திலை கண்டல் நிக்குது. கம்பஸ் ஆக்கள் கணக்குப் பாத்துச் சொல்லித்தான் கீறினதாம்." தேத்தண்ணியையும் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

தொண்ணூற்றைந்தில் நாங்கள் ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்தபோது உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் போடவில்லை. இப்போது இப்படிப் பதில் போட்டிருக்கிறாய்.

அந்த வீட்டை மூன்றாவது படத்திலிருந்து அழி. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இ. சிவகரன்


புத்தளம்
2024 மார்ச் 9

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து மாறவில்லை, கோபமும் மாறவில்லை. வாசித்து முடித்ததும் என் மனைவி றஷீதா கேட்டாள், "ஆர் மவுத்?" என்று. என் முகம் சாவுச் செய்தி கேட்டது போல இருந்திருக்கிறது.

மகளுடைய சம்பந்தம் குழம்பியதற்கு நான் காரணமென்றால் மன்னித்துக்கொள். இதை வாயளவில் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அந்தக் காட்சிக்கு வந்தாயா? மூன்றாவது படத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். மூன்று படங்களிலும் உன் வீடு இருக்கிறது, சிவா. ஒரே வீடு, ஒரே கிணறு. முதலாவதில் குளங்களைத் தூர் வாரியிருக்கிறார்கள், கடல் நீர் ஏறாமல் அராலி அணையின் கதவுகளைத் திருத்தியிருக்கிறார்கள். உன் கிணற்றடியில் வாழையும் கமுகும் நிற்கின்றன. படலையில் இரண்டு அன்னாசியும் முழுசாக இருக்கின்றன. இரண்டாவதில் ஆறு வற்றிவிட்டது, எல்லோரும் குழாய்க் கிணறு அடித்து உறிஞ்சுகிறார்கள், உன் கிணறு வெறும் குழி. மூன்றாவதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் மாஸ்ரர் மூளைக்கு, ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது அழகில்லை.

ஏன் உன் வீடு என்று கேட்பாய். வழுக்கையாற்றோரத்தில் எனக்கு உள்ளே தெரிந்த வீடு வேறு எது? பள்ளிக்கூடம் விட்டு உன்னோடு சைக்கிளில் வந்து, அந்தக் கிணற்றில் வாளியோடு குடித்தவன் நான். சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. உம்மா தேத்தண்ணி போட்டால் பால் திரியும். உங்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில் கட்டிக்கொண்டு போனால் வாப்பா அதைச் சர்பத் மாதிரிக் குடிப்பார்.

போன வருடம் புரட்டாதியில் நான் அராலிக்கு வந்தபோது நீ அறைக்குள் இருந்தாய். எனக்குத் தெரியும், உன் செருப்பு வாசலில் கிடந்தது. மகள்தான் படலையைத் திறந்தாள், வாய்க்கால் நெடுகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் எதையும் சொல்லவில்லை, அவளை ஏசாதே. அவள் தந்த தேத்தண்ணிதான் சொன்னது. முப்பது வருடம் புத்தளத்து உவர்த் தண்ணியில் தேத்தண்ணி குடித்த நாக்கு இது, பொய் சொன்னாலும் நம்பாது. உன் கிணறு உப்பாகிவிட்டது. ஐம்பது வருடம் கழித்து என்று நான் கீறியது உன் வீட்டில் தொடங்கிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் வந்த உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று எழுதியிருந்தாய். அதில் ஒரு வரி எழுதியிருந்தாய்: 'இப்போது எங்களுக்கும் உங்கள் வேதனை தெரிந்துவிட்டது.' நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தொண்ணூறில் எங்களை, முஸ்லிம்கள் எல்லோரையும், யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பிய அன்று உங்கள் வீட்டுப் படலை பூட்டியிருந்தது, சிவா. ஐந்து வருடம் கழித்துத் தெரிந்ததா என்று எழுதத் தோன்றியது. அப்படி எழுதாமல் இருப்பதற்காகத்தான் எழுதவேயில்லை.

வீட்டை அழிக்கச் சொன்னாய். மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் சொன்னால் அழித்துவிடுகிறேன் என்றேன். "அழிக்க வேண்டாம் மாமா" என்றாள்.

ஹலீம்


அராலி தெற்கு
2024 ஜூலை 21

ஹலீமுக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் பதில் இல்லாதது அல்ல.

என் மகளிடம் என்னைக் கேளாமல் பேசியிருக்கிறாய். அவள் 'அழிக்க வேண்டாம்' என்றாளாம். அவளுக்கு என்ன தெரியும்? வரன் தேடி அலைவது நான்.

மூன்று படங்களையும் அவளுடைய கைபேசியில் பார்த்தேன். முதலாவது நன்றாகத்தான் இருக்கிறது, அதில் கமுகின் நிழல் விழும் திசை பிழை. ஆனால் சனத்துக்கு முதலாவது படம் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒருவரும் நல்லது நடக்கும் என்று காணி விலை பேசுவதில்லை. நீ மூன்று எதிர்காலம் வைத்தாய், அவர்கள் ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இது உனக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

கிணறு உப்பு என்கிறாய். ஓம், உப்பு. இந்த வரிசையில் எந்தக் கிணறு உப்பில்லை? கோடையில் எல்லோரும் மோட்டர் போட்டு இறைத்தால், மாரித் தண்ணி அணையில் நிற்காமல் கடலுக்கு ஓடினால், உப்பு ஏறத்தான் செய்யும். இதைப் பதினைந்து வருடத்துக்கு முதலே நான் கூட்டங்களில் சொன்னேன். அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் இன்று உன் படத்துக்கு முன்னால் நின்று கைபேசியில் படம் எடுக்கிறார்கள். நான் சொன்னால் மாஸ்ரர் அலட்டுகிறார், நீ கீறினால் கலை.

படலை பூட்டியிருந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பூட்டியது அப்பா. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்போது நான் எழுதும் காரணம் வேறு. சந்திக்குப் பக்கத்தில் உள்ள பழைய கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் அந்த மூன்று படங்களையும் நீ கீறப்போவதாக அறிந்தேன். ஏறி நின்று கீறச் சாரமும் கட்டியாகிவிட்டதாம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கிணற்றைப் பற்றி ஒரு வரி சொல்ல, அதைப் பெயரோடு படத்தின் கீழே எழுதுகிறாயாம். என்னிடமும் கேட்டு ஆள் அனுப்பினாய், நான் வெளியே வரவில்லை. வரவும் மாட்டேன்.

கரவெட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சுக்கால் நடக்கிறது. பையன் வங்கியில் வேலை. ஆவணி மாதம் முதலாவது ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களுடைய வான் வண்டி அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும். வேறு பாதை இல்லை, மற்ற ஒழுங்கையில் வான் திரும்பாது, நான் நடந்து பார்த்துவிட்டேன்.

அந்த ஒரு நாள் மூன்றாவது படத்தை மூடு. கெஞ்சுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இ. சிவகரன்


சோனகத் தெரு, யாழ்ப்பாணம்
2024 ஆகஸ்ட் 11

சிவா,

நான் தினமும் அராலிக்கு வந்து போகிறேன், உனக்கும் எனக்கும் நடுவில் அரை மைல், இருந்தும் தபாலில் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாரத்தின் மேலிருந்து பார்த்தால் உன் வீட்டுக் கூரை தெரியும். நீ பள்ளிக்கூடத்துக்கு வயல் வரம்பால் சுற்றிப் போவதும் தெரியும். சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறாய்? இந்தப் பக்கமாக வா, நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

நீ கேட்டபடி மூடுகிறேன். நீலத் தறப்பாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரமே கட்டிவிடுவேன். இது மகளுக்காக. தனக்கென்று ஒன்றும் கேட்காத பிள்ளை அவள், அதனால்தான்.

கிணற்று வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர் வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான். கடலோரத்து வின்சன்ற் 'எங்கட கிணத்திலை நண்டு வந்திட்டுது' என்று எழுதச் சொன்னார், பெயரை இரண்டு மடங்கு பெரிதாகப் போடச் சொன்னார். ஒரு மனுசி வந்து மகன் கனடாவில் இருந்து பார்ப்பான், அவனுக்குத் தெரியிற மாதிரி எழுதுங்கோ என்றாள். நல்ல தண்ணி உள்ளவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சொன்ன ஒரே நிபந்தனை, பெயர் வேண்டும். பெயரில்லாத வரியை நான் சுவரில் ஏற்றமாட்டேன். தொண்ணூறில் ஒலிபெருக்கியில் எங்களைப் போகச் சொன்ன குரலுக்குப் பெயர் இருக்கவில்லை. அதனால் எனக்கு இது ஒரு பிடிவாதம்.

உன் வீட்டுக்குக் கீழே மட்டும் ஓர் அடி அகலம் வெறுமையாக விட்டிருக்கிறேன். என்னோடு சாரத்தில் நின்று வர்ணம் பூசும் ஜெயசுதன், "அதிலை ஒரு மீனைக் கீறுவமே அண்ணை" என்றான். வேண்டாம் என்றேன். பதினைந்து வருடத்துக்கு முதல் கூட்டத்தில் நீ சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் இந்தச் சுவரில் குறைகிறது. நீ எழுதினால் ஊர் அதை மாஸ்ரரின் அலட்டல் என்று சொல்லாது. அவர்கள் முழங்கால் அளவு உப்பில் நிற்கிறார்கள் இப்போது.

புரட்டாதி முடியச் சாரத்தைக் கழற்றிவிடுவேன். மழைக்கு முதல் முடிக்க வேண்டும்.

ஹலீம்


அராலி தெற்கு
2024 செப்ரெம்பர் 29

ஹலீம்,

தறப்பாள் கட்டியிருந்தாய். வான் சுவரைத் தாண்டும்போது மாப்பிள்ளையின் தாயார் கேட்டாவாம், "அதென்ன மூடிக் கிடக்குது?" என்று. கூட வந்த தரகர் ஏதோ கட்டட வேலை என்று சொல்லிச் சமாளித்தாராம். அவருக்கும் அது என்னவென்று தெரியாது. நன்றி சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாளைக்கு முதல் தூணில் உடைந்திருந்த அன்னாசியைச் சீமெந்து குழைத்து நானே பூசிச் சரிபண்ணினேன். சுண்ணாம்பும் அடித்தேன். உன் முதலாவது படத்தில் இருப்பது போல இப்போது இரண்டும் முழுசாக நிற்கின்றன.

கரவெட்டி ஆட்கள் தோட்டம் செய்கிறவர்கள். காணி பார்க்க வந்தால் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முதல் தண்ணியைக் குடித்துப் பார்ப்பார்கள். உனக்கும் தெரிந்த வழக்கம்தான். அது எனக்குத் தெரியும் என்பதால் ஆயத்தமாகத்தான் இருந்தேன். நாங்கள் மூன்று வருடமாகக் குடிப்பது பிளாஸ்டிக் கானில் வாங்கும் தண்ணி. போன வருடம் உனக்குத் தேத்தண்ணி போட்டது மட்டும் கிணற்றுத் தண்ணியில், அது தர்சினியின் வேலை. கானை அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, செம்பில் ஊற்றிக் குசினியில் மூடி வைக்கச் சொன்னேன். என் மனைவி உதயகலா ஊற்றி வைத்தாள். பழைய வாளியைக் கிணற்றுக்குள் விட்டு நனைத்து, கிணற்றுக் கட்டின் மேல் வைத்தேன். தண்ணி சொட்டினால்தானே இப்போதுதான் அள்ளியது போல இருக்கும். இருபத்தைந்து வருடம் நீர்வளம் படிப்பித்தவனுக்கு இவ்வளவும் செய்யத் தெரியாதா?

தாயார் கதிரையில் இருந்ததும் கேட்டா, "கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ பிள்ளை, வாய் நனைப்பம்."

தர்சினி குசினிக்குள் போனாள். அவள் கிணற்றடிக்குப் போய்விடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். உன்னிடம் அழிக்க வேண்டாம் என்று சொன்னவள் அல்லவா? நான் விறாந்தையில் இருந்தபடியே கப்பியின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. செம்போடு வந்தாள். பேணியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அந்த மனுசி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. பிறகு, "இனிக்குது" என்றா. "கடலுக்குக் கிட்ட இப்பிடி ஒரு தண்ணியோ மாஸ்ரர்? குடுத்து வைச்ச வளவு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

போகும்போது அவ ஒரு வெறும் போத்தலை எடுத்து நீட்டினா. "இவருக்குக் கால் ஏலாது, அதுதான் வரேல்லை. தண்ணியைக் குடிச்சுப் பாக்காமல் ஓம் எண்டு சொல்லமாட்டார். இதிலை கொஞ்சம் நிரப்பித் தாங்கோ." நான்தான் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்து கானை இழுத்து, முழங்காலில் நின்று நிரப்பினேன். உன் வாப்பாவுக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த போத்தல் அப்போது நினைவுக்கு வந்தது. உன் கடிதத்தில் அதை எழுதியிருக்காவிட்டால் வந்திருக்காது. அதற்காகவும் உன்னில் எனக்குக் கோபம்.

மூன்றாம் நாள் கரவெட்டியிலிருந்து ஓம் என்று செய்தி வந்தது. தை மாதத்தில் கலியாணம். உறுதி எழுதக் கொடுத்தாகிவிட்டது.

அன்று பின்னேரம் தர்சினி கேட்டாள். "அப்பா, கலியாணம் முடிஞ்சு அவையள் இங்கை வந்து இருப்பினம். அப்ப நான் அந்த மாமிக்கு எந்தத் தண்ணியைக் குடுக்கிறது?"

இந்த மாரியில் மழை பெய்து கிணறு ஊறி, உப்புப் போய்விடும் என்றேன். நான் படிப்பித்த பாடத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அவளும் அதே வகுப்பில் இருந்தவள்தான். அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மேசையில் வைக்கிறாள், கானிலிருந்து தண்ணி வார்த்து வைக்கிறாள், போய்விடுகிறாள். மாமியின் வாயில் அந்தத் தண்ணி படும் நாளில் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். ஓம் என்று சொன்னபிறகு திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பதுதான் என் கணக்கு. வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் செய்தேன் என்று உன்னிடம் மட்டும் சொல்லலாம்.

நேற்று இருட்டுவதற்கு முதல் முதன்முறையாகச் சுவர் வீதியால் வந்தேன். நீ போய்விட்டாய். சாரம் பாதி கழற்றியிருந்தது. நண்டு வந்த கிணறு, கனடாவுக்குத் தெரிகிற மாதிரி எழுதிய கிணறு எல்லாம் வாசித்தேன். வின்சன்றின் பெயர் உண்மையில் பெரிதுதான். என் வீட்டுக்குக் கீழே அந்த ஓர் அடி வெறும் சுண்ணாம்பாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிற எல்லா வீட்டையும்விட எழுதாத வீடுதான் கண்ணில் குத்துகிறது. கரவெட்டிக்காரர் அடுத்த முறை வரும்போது கேட்பார்கள், ஏன் இந்த வீட்டுக்கு மட்டும் வரி இல்லை என்று. நீ இதையும் நினைத்துத்தான் விட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

நீ கேட்ட வரி இது. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். முதலில் நீளமாக வந்தது. அணை, மோட்டர், கூட்டத்தில் சிரித்தவர்கள் எல்லாம் அதற்குள் வந்தார்கள். வெட்டி வெட்டி இவ்வளவுதான் மிஞ்சியது:

'இந்தக் கிணற்றுத் தண்ணியை நாங்கள் குடித்து மூன்று வருடம்.'

இதன் கீழே பெயரைப் போட்டால் தை மாதக் கலியாணம் நிற்கும். பெயரைப் போடாவிட்டால் நீ சுவரில் ஏற்றமாட்டாய். இரண்டும் எனக்குத் தெரியும். உன் பிடிவாதத்துக்கு என்ன காரணம் என்பதும் தெரியும். அந்த ஒலிபெருக்கியை நானும் கேட்டேன், பூட்டிய படலைக்கு உள்ளே நின்று.

நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் வட்டுக்கோட்டைத் தபாற்கந்தோரில் இதைப் போடப்போகிறேன். பேனையை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.